காலாட்டுவதும் கால் நீட்டுவதும்

இன்று நாம் கற்கவிருப்பது ஓய்வைப் பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள்.

மரபுத்தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளக்கூடாது. 'கம்பி நீட்டினான்' என்றால் ஓடிவிட்டான் என்று அறிகிறோமே தவிர, நாம் கம்பியைத் தேடுவதில்லை. ஆங்கிலமும் அப்படித்தான்.

வேலை செய்யாமல் சும்மா இருப்பவனை, 'காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்' என்று ஏசுகிறோம். மலாய்க்காரர்களும் இதையே 'கோயாங் காக்கி' என்பார்கள். கோயாங் என்றால் ஆட்டுதல். காக்கி என்றால் கால். இதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'ஷேக் லெக்' என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் பேசுகிறார்கள். நமக்குள் பேசும்போது இது விளங்கும்.

ஆனால், ஆங்கிலேயர் 'ஷேக் அ லெக்' என்று சொன்னால் பொருள் நேர்மாறு! 'சீக்கிரம் ஆகட்டும், சுறுசுறுப்பாக எழுந்திரு' என்பதே அதன் பொருள். இடையில் நிற்கும் 'அ' என்ற சிறு சொல்தான் வேறுபாடு. வெளிநாட்டு மேலாளர் ஒருவர் இப்படிச் சொல்ல, ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று நம் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சோம்பேறி என்ற பெயர் வந்துவிடும்.

அப்படியானால், நல்ல ஓய்வை எப்படிச் சொல்வது? 'புட் யுவர் ஃபீட் அப்' என்று சொல்லலாம். 'கால்களை உயர்த்தி வைத்துக்கொள்' என்பது சொற்பொருள். 'உட்கார்ந்து களைப்பாறு' என்பது மரபுப்பொருள். ஆளுக்கேற்ப 'யுவர்' என்பது 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' என்று மாறும். இத்தொடரில் பழிச்சொல் இல்லை.

விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி வீடு திரும்பும் தாய், சற்றே கால் நீட்டி உட்கார்ந்தால் அது கோயாங் காக்கி ஆகுமா? ஆகவே ஆகாது. உழைத்தவருக்கு ஓய்வு உரிமை. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமே வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்கிறது.

ஆகவே மாணவர்களே, அம்மா வேலை முடிந்து வந்ததும், 'அம்மா, புட் யுவர் ஃபீட் அப்' என்று சொல்லி, ஒரு குவளை தேநீர் கொடுங்கள். பிறகு, கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்து, 'ஷேக் அ லெக்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு தொடர்களும் மறக்கவே மாட்டா.