எண்ணாமல் விட்ட இரண்டு சுற்றுகள்



மோட்டார் பந்தயம் என்றதும் நமக்கு வேகம்தான் நினைவுக்கு வருகிறது. விரைந்து ஓட்டியவர் முதலில் வருவார், அதில் பேச என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் சிறிய நீள்வட்டத் திடலில் நடக்கும் பந்தயத்தில், கண்ணுக்கு முன்னால் போகிற வண்டிதான் முதல் வண்டி என்று சொல்லிவிட முடியாது. 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த அத்தகைய பந்தயம் ஒன்றைப் பற்றி இன்று பேசலாம்.

'ஸ்டாக் கார்' பந்தயம் என்று இதற்குப் பெயர். அந்நாளில், மக்கள் வேலைக்கும் கடைக்கும் ஓட்டிச் செல்கிற காரையே வாங்கி, வலுப்படுத்தி, இயந்திரத்தைச் சீர்செய்து பந்தயத்தில் விடுவார்கள். (இப்போது அவை பந்தயத்துக்கென்றே கட்டப்படுகின்றன, தோற்றம் மட்டும்தான் கடைக் காரைப்போல் இருக்கும்.) 1948-இல் தொடங்கிய 'நாஸ்கார்' என்னும் அமைப்பு இப்பந்தயங்களை நடத்தி வருகிறது. நீள்வட்டத் திடலில் கார்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், இடப்பக்கமே திரும்பி ஓடும். நம் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஓடுவதும் அப்படித்தானே!

அரை மைல் திடல் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 800 மீட்டர். அதற்குள் இருபது கார்கள் ஓடினால் என்ன ஆகும்? சிறிது நேரத்தில் முதல் வண்டி கடைசி வண்டியின் பின்புறத்தை எட்டிவிடும். அதைக் கடந்தால் ஒரு சுற்று முன்னிலை. மீண்டும் கடந்தால் இரண்டு சுற்று. ஐம்பது சுற்று ஆவதற்குள் முந்தியவரும் பிந்தியவரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். மண் திடலாக இருந்தால் புழுதி வேறு. அப்போது யார் முதல்வர் என்பதைக் கண் சொல்லாது, கணக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை அக்காலத்தில் மனிதர்கள் உட்கார்ந்து, தாளில் கையால் குறித்தார்கள்.

வெண்டல் ஸ்காட் என்பவர் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் 1921-இல் பிறந்தவர், கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்தார். பிறகு ஊரில் பட்டறை வைத்தார். பந்தயம் ஓட்ட வந்தபோது அவருக்குப் பண உதவி செய்யப் பெரிய நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. பிறர் ஓட்டிக் கழித்த காரை வாங்குவார், தாமே பழுதுபார்ப்பார், தாமே ஓட்டுவார். பிள்ளைகள்தாம் உதவியாட்கள். கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்றிருந்த தென் மாநிலங்களில் அவர் ஓட்டினார். சில திடல்களில் அவரை உள்ளேயே விடவில்லை.

1963 டிசம்பர் 1-ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் அரை மைல் மண் திடலில் பந்தயம். மொத்தம் 200 சுற்று, அதாவது 100 மைல். புகழ்பெற்ற ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு ஏற்பட, ஏறத்தாழ 25 சுற்று இருக்கும்போது ஸ்காட் முன்னுக்கு வந்தார். அடுத்து வந்த பக் பேக்கரைவிட அவர் இரண்டு சுற்று கூடுதலாக ஓடியிருந்தார்.

200-ஆவது சுற்றை முடித்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அவருக்காக அசையவில்லை. என்ன செய்வார்? தொடர்ந்து ஓட்டினார். 202 சுற்று ஓடியபின், பேக்கருக்குக் கொடி அசைந்தது. கோப்பையும் கைதட்டலும் பேக்கருக்கே போயின. ஸ்காட் முறையிட்டார். தாள்களைத் திரும்பப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்துபோன பிறகு, வென்றவர் ஸ்காட் என்று அறிவித்தார்கள். கோப்பை மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை.

கணக்குப் பிழை என்றனர் அதிகாரிகள். ஸ்காட் அதை நம்பவில்லை. வென்றவருக்கு அழகுராணி முத்தமிடுவது வழக்கம். வெள்ளைக்காரப் பெண்ணருகே ஒரு கறுப்பர் நிற்பதைக் கூட்டம் பொறுக்காது என்று அஞ்சினார்கள் என்பது அவர் பக்கத்துப் பேச்சு. ஒரு சுற்று தவறினால் கை தவறியது எனலாம். முதலில் ஓடுகிறவரின் கணக்கில் இரண்டு சுற்று தவறினால்? நமக்கும் ஐயமாகவே இருக்கிறது.

ஆனால் எண்ணுவதில் பிழையே வராது என்று நாம் சொல்ல மாட்டோம். நமக்கே நேர்ந்திருக்கிறது. தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றில் 1500 மீட்டர் ஓட்டம். சிறிய திடல், ஏழரைச் சுற்று. கோடு போட்டு எண்ணிய ஆசிரியர் நாம்தாம். ஒரு பையன் மூச்சிரைக்க வந்து நின்று, "சார், முடிச்சிட்டேன் சார்" என்றான். "இன்னும் ஒரு ரவுண்டு இருக்குடா, ஓடு" என்று விரட்டினோம். ஓடினான். அதற்குள் வேறொருவன் முதலாவதாக வந்துவிட்டான். மாலையில் தாளைப் பார்த்தபோது ஒரு கோடு விடுபட்டது தெரிந்தது. மறுநாள் சபைகூடலில் பதக்கத்தை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் பால்மரம் வெட்டிவிட்டு, உடை மாற்றக்கூட நேரமின்றி ஓடிவந்து வேலியோரம் நின்ற அவன் தாய் முதல் நாள்தானே வந்திருந்தார்? அந்த அம்மா பார்க்க, அவன் வெல்லவில்லை.

ஸ்காட்டுக்கு மறுநாள் வரவில்லை. நாஸ்காரின் முதன்மைப் பிரிவில் 495 பந்தயங்கள் ஓட்டியும் அந்த ஒன்றே அவர் வெற்றி. 1973-இல் டல்லடிகா திடலில் நடந்த விபத்தில் படுகாயமுற்றார். அதோடு அவர் பந்தய வாழ்வும் ஏறக்குறைய முடிந்தது. 1977-இல் அவர் கதை திரைப்படமானது. 1990-இல் காலமானார். 2015-இல் நாஸ்கார் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அங்கு இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. கோப்பை 2021 ஆகஸ்டு 28-ஆம் நாள் டேட்டோனா திடலில் அவர் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டது. உயிரோடிருந்தால், மறுநாள் அவருக்கு 100 வயது நிறைந்திருக்கும்.

இன்று ஒவ்வொரு பந்தயக் காரிலும் சிறு மின்னணுக் கருவி உண்டு. கோட்டைக் கடக்கும்போதெல்லாம் அதுவே எண்ணிக்கொள்ளும். தோட்டத்துத் திடலில் அதற்கு எங்கே போவது? இப்போது நீண்ட ஓட்டங்களில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரை உட்கார வைக்கிறோம். ஒருவர் தாளில் கோடு போடுகிறார். மற்றவர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரப்பர் கொட்டையை ஒரு டின்னிலிருந்து எடுத்து இன்னொரு டின்னில் போடுகிறார்.