செய்த வேலையே சான்றிதழ்

(கணினிப் பயிற்சி மாணவர்களிடையே செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, நம் உதவித்தொகையில் படித்து, இன்று தனியாக இணையதளம் வடிவமைக்கும் தம்பியின் பழைய வேலைகளைத் திரையில் பார்த்தோம். ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர், பல் மருத்துவர், கிறிஸ்தவப் பள்ளி, பிரியாணிக் கடை. பிரியாணிக் கடைப் பக்கத்தில் விலையும் போன் எண்ணும்தான் பெரிதாக இருந்தன. பசியோடு வருபவருக்கு ஆடும் எழுத்து எதற்கு?

எங்களுக்கு அதிகம் பிடித்தது வேறு. 'புகைப்படம் வேறொருவர் எடுத்தது' என்று ஒவ்வொன்றின் கீழும் குறித்திருந்தார். அடுத்தவர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டி வேலை கேட்பது பொய்ச்சாட்சி அல்லவா?

டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள். கடவுச்சொல் அமானிதம். பாக்கி வரவில்லை என்று தளத்தை முடக்காதீர்கள். கூலியையும் தவணையையும் முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் அல்பகரா 282. நாம் அதை ஓதுகிறோம், எழுதத்தான் மாட்டோம்!

முடித்த தளத்தைப் படமெடுத்தும் வையுங்கள். 2020 டிசம்பரோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியது. அதில் செய்த பக்கங்கள் இன்று பிரவுசரில் திறப்பதில்லை. கடை மூடினாலும் தளம் போய்விடும். உங்கள் வேலைகளின் பிரதியை அறக்கட்டளைக் கணினியிலும் வைக்கலாம். சனிக்கிழமை அஸருக்குப் பின் பென்டிரைவோடு வாருங்கள்.