தாய்மையும் அரிய இரத்தப் பிரிவும்

 

வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் கல்வியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். யான் பேச விழைவது இரத்தத்தைப் பற்றி. என்னிடம் பயின்ற ஒருவரின் மனைவி முதற் குழந்தையை நலமாக ஈன்றார். இரண்டாம் குழந்தையோ கடும் மஞ்சட் காமாலையுடன் பிறந்து மூன்றாம் நாளே மறைந்தது. தாயின் இரத்தம் ‘ஆர்.எச். நெகட்டிவ்’ என்பது முதற் பேற்றின் அட்டையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பொருள் என்னவென்று கேட்டவர் எவருமில்லை.

நம் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர் இப்பிரிவினர். தாய் நெகட்டிவாகவும் குழந்தை தந்தையைப் போன்று பாசிட்டிவாகவும் இருப்பின், பேற்றின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலிற் கலக்கக்கூடும். அவ்வுடல் அதனைப் பகையாகக் கருதி எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்ளும். முதற் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அப்பொருள் சிதைக்கும். இதனைத் தடுக்க 1968 முதல் ‘ஆன்டி-டி’ என்னும் ஊசி உண்டு. 28 ஆவது வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவாயின் பேறு முடிந்த 72 மணி நேரத்திற்குள் மற்றொன்று. கருச்சிதைவு நேரினும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் உண்டாகிவிட்ட பின்னர் அவ்வூசியாற் பயனில்லை.

இதனினும் மிக அரியது ‘பம்பாய்ப் பிரிவு’. 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய துணைவரும் கண்டறிந்தனர். மேலோட்டமான சோதனையில் ‘ஓ’ என்றே தோன்றும்; ஆனால் ‘ஓ’ இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே கேடு. பம்பாய்ப் பிரிவினரின் இரத்தம் மட்டுமே பொருந்தும். உடன்பிறந்தாருக்கு அது அமையும் வாய்ப்புப் பிறரினும் மிகுதியாதலால் முதலில் அவர்களைச் சோதித்தல் வேண்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடும்பங்களில் இப்பிரிவு தோன்றுதல் சற்று மிகுதி. நம் வீடுகளை நினைத்தே சொல்கிறேன், சினம் வேண்டா.

நகரத்தாருக்கு அண்டையிலேயே இரத்த வங்கி உண்டு. நாமோ பள்ளங்கியிலிருந்து மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கி, அதன்பின் மதுரையை அடைய வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் பாதையே அடைபடும். ஆகவே அரிய பிரிவுத் தாய்மாரைப் பேற்று நாளுக்கு முன்னரே, இரத்த வங்கியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அருகில் உறவினர் இல்லத்தில் தங்கச் செய்யுங்கள். இரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கவும் வழியுண்டு. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் தவறாது உண்ணுதலே அது. தேநீரோடு விழுங்காதீர், தேநீர் இரும்பை உடலிற் சேரவிடாது. இந்தக் குளிரில் அது கடினமே!

நமது சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் பெயர், ஊர், படிப்பு என மூன்று பத்திகள் உள்ளன. நான்காவதாக இரத்தப் பிரிவுக்கும் ஒரு பத்தி இடுமாறு செயலாளரை வேண்டினேன், இசைந்தார். என் பெயருக்கு நேரே ‘பி பாசிட்டிவ்’ என்று எழுதிவிட்டேன். ஏடு வாயிலருகே மேசைமீது இருக்கிறது.