எண்ணிப் பார்த்தலும் எல்லை வகுத்தலும்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



இந்நாளின் வரலாறு இங்குள்ள சிறுவர்களும் அறிந்ததே. துறவு மேற்கொண்ட ஆதிபகவன் உணவு நாடி ஊர்தோறும் நடந்தபோது, துறவிக்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறிந்திருக்கவில்லை. தம் மன்னராக இருந்தவர் வந்திருக்கிறார் என்று பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து முன்வைத்தார்கள். பகவன் ஒன்றையும் ஏற்காமல் அப்பால் நடந்தார். இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சர் அளித்த கரும்புச்சாற்றையே ஏற்றார். பொன்னை மறுத்துக் கரும்புச்சாற்றை ஏற்ற அந்த நாளில்தான் இன்று நாம் நகைக்கடை வாயிலில் வரிசையில் நிற்கிறோம். இன்று குண்டுமணி அளவு பொன் வாங்கினாலும் ஆண்டு முழுதும் செல்வம் பெருகும் என்னும் செய்தி ஆதிபகவன் வரலாற்றில் இல்லை. நாளிதழ் விளம்பரத்தில் இருக்கிறது.

நான் முப்பத்தோராண்டுகள் வங்கியில் பணியாற்றியவன். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் வந்தவாசிப் பக்கத்துக் கிளையொன்றில் நகைக்கடன் பிரிவில் அமர்ந்திருந்தேன். சித்திரையில் வாங்கிய சங்கிலி ஆனியில் என் மேசைக்கு வரும். கடைக்காரர் கொடுத்த பெட்டிகூடப் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். காரணம் கேட்டால் பள்ளிக் கட்டணம் என்பார்கள். அல்லது மணிலாப் பயிருக்கு உரம் என்பார்கள். ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். ஒருவர் 1,00,000 ரூபாய்க்கு நகை வாங்குகிறார். சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 15 விழுக்காடு எனக் கொள்வோம். அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 3 விழுக்காடு. இவை போக, அந்நகையிலுள்ள பொன்னின் மதிப்பு ஏறத்தாழ 84,000 ரூபாய். அதில் முக்கால் பங்கு கடனாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 63,000 ரூபாய் வரும். மூன்று மாதங்களுக்கு முன் தம் கையில் இருந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகப் பெறாமல், அதற்கும் வட்டி கட்டுகிறார் அவர்.

பொன் விலை ஏறிக்கொண்டேதானே போகிறது என்று யாரேனும் கேட்கலாம். உண்மைதான். வாங்கிய பொன்னைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருக்க முடிந்தவர்க்கு அது நற்பொருளே. நான் கண்டவர்களுள் பலர் அவ்வாறு வைத்திருக்க இயலாதவர்கள். ஏலத்திற்குப் போன நகையின் விலை ஏற்றத்தால் அதை இழந்தவருக்கு என்ன பயன்?

பிறரைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது முறையன்று. 1995-ஆம் ஆண்டு, மகளின் கல்லூரிப் படிப்புக்கென வைத்திருந்த 60,000 ரூபாயை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டேன். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்றார்கள். மூன்று ஆண்டுகளில் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும் என்று மனத்துக்குள் கணக்கிட்டு மகிழ்ந்தேன். நான் பணியாற்றிய வங்கியோ அதில் பாதியளவே வட்டி கொடுத்து வந்தது. எனக்கு 24 கொடுப்பவர் தாம் எவ்வளவு ஈட்டியாக வேண்டும், அத்தனை இலாபம் தரும் தொழில் எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வங்கிக்காரனாகிய நானே கேட்கவில்லை. பதினான்கு மாதங்கள் வட்டி வந்தது. பின்பு ஒரு காலையில் அந்த அலுவலகத்தின் கதவு பூட்டியிருந்தது. இத்தகைய நிறுவனங்கள் பல வீழ்ந்த பின்னர், 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. என் பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

அந்த இழப்பிற்குப் பின்னரே நான் நம் ஐந்தாவது அணுவிரதத்தைப் புதிதாகப் படித்தேன். பரிக்கிரக பரிமாணம் என்பதை ஆசையைக் குறைக்கும் விரதமென்று மட்டுமே நாம் விளங்கிக்கொள்கிறோம். அது கணக்கெழுதும் விரதமும் ஆகும். நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம் என ஒவ்வொன்றுக்கும் இல்லறத்தான் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். எல்லை வகுக்க வேண்டுமாயின், இப்போது கையில் எவ்வளவு உள்ளது என்று எண்ணியாக வேண்டும் அன்றோ? எண்ணாதவன் எதற்கு எல்லை வகுப்பான்?

1998-இல் நானும் என் துணைவியாரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். உடைமைப் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கடன் பக்கம் முடிய மூன்று நாள் ஆயிற்று. ஏனெனில் ஒருவருக்கொருவர் சொல்லாதவை இருந்தன. மகனின் மருத்துவச் செலவுக்காக அவர் தம் வளையல்கள் இரண்டை எனக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தார். நாள்தோறும் ஊரார் நகையை எடை போட்டவனின் வீட்டு வளையல் வேறொரு வட்டிக்கடையில் கிடந்தது! அன்று எனக்குச் சினம் வரவில்லை. என்னிடம் கேட்க அஞ்சும்படி நான் நடந்துகொண்டிருக்கிறேனே என்ற நாணமே மிகுந்தது. இங்கு அமர்ந்திருக்கும் கணவன்மாரிடம் இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறேன்.

கணக்கு எழுதியபின் செய்தது பெரிய வித்தை எதுவுமன்று. என் தாயார் களத்துமேட்டில் செய்ததுதான். எங்கள் ஊரில் அறுவடை முடிந்து நெல் தூற்றியதும், ஆட்களுக்குக் கூலி அளந்த கையோடு விதைநெல்லை அளப்பார். அடுத்து ஜினாலயத்திற்குரிய நெல். அதற்குப் பிறகே வீட்டுக்கும் விற்பனைக்கும். விதைநெல் குதிருக்குள் போய் அதன் வாய் மண்ணால் பூசப்பட்டுவிடும். மழை பொய்த்த ஓர் ஆண்டில் வீட்டில் அரிசி தீர்ந்து, நாங்கள் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். குதிரின் வாயை அவர் திறக்கவில்லை. மறு பருவத்தில் மழை வந்தபோது, விதைக்குக் கடன் தேடி அலைய வேண்டிய நிலை எங்களுக்கு ஏற்படவில்லை. நகரத்திற்கு வந்த நாமோ மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருக்கிறோம். மிஞ்சியதை விதைக்கு வைத்த உழவன் எவனையும் நான் கண்டதில்லை. சம்பளம் வந்த மறுநாளே அஞ்சலகத் தொடர் வைப்புக்கு ஒரு தொகை போகட்டும். 500 ரூபாயானாலும் சரி. மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை வேறு எந்தத் திட்டத்தையும் நாட வேண்டாம். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு என்பதையும், வீடு தேடி வரும் முகவர் காட்டும் வண்ணத்தாளுக்கு அது இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மன உறுதி வேண்டுமே, எங்களால் ஆகுமா என்று ஓர் இளைஞர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார். தம்பி, நீங்கள் இரவில் உண்பதுண்டா என்றேன். இல்லை ஐயா, சிறு வயதிலிருந்தே பழக்கமில்லை என்றார். ஒவ்வொரு மாலையும் உண்ணலாமா வேண்டாமா என்று மனத்தோடு போராடுகிறீர்களா என்றேன். சிரித்துவிட்டார். நேரம் வகுக்கப்பட்டுவிட்டது, ஆதலால் போராட்டம் இல்லை. இந்த ஆடிமாதம் அவருடைய தொடர் வைப்பு ஓராண்டை எட்டுகிறது என்று இப்போது வாயிலில் கண்டபோது சொன்னார்.

பொழுது சாயத் தொடங்கிவிட்டது. நம் அன்னதானக் குழுவினர் பந்தி விரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். கரும்புச்சாறும் உண்டாம்.