லாரியில் புளித்த திராட்சை

இன்று தோட்டக்கலையில் பட்டம் பெறும் இளைஞர்களே, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் திராட்சை பூமி அது. 1975 முதல் 1990 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் சின்னாபின்னமாக்கியது. அத்தனை ஆண்டுகளிலும் ஷாட்டோ முசார் என்ற ஒயின் ஆலைக்குத் தவறிப்போனவை 1976, 1984 ஆகிய இரண்டே விளைச்சல்கள். தோட்டம் பெக்காவில், ஆலையோ மலைக்கு அந்தப் பக்கம், பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில். நடுவில் போர்முனை. 1984-ல் பறித்த பழம் வழி கிடைக்காமல் லாரியிலேயே கிடந்து, ஆலைக்கு வந்து சேருவதற்குள் தானே புளிக்கத் தொடங்கிவிட்டது.

இதைச் சொல்கிறவர்கள் ஆலையை நடத்திய செர்ஜ் ஹோஷாரின் துணிச்சலையே பெரிதாகப் பேசுவார்கள். துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் துணிச்சல்காரர்கள் எத்தனையோ பேர் அந்தப் போரில் எல்லாவற்றையும் இழந்தார்கள். முசாரைத் தாங்கியது அதன் தொழில்முறை என்பதே என் வாதம். அவர்களுடைய சிவப்பு ஒயின் ஓராண்டு மரப்பீப்பாயில் இருக்கும். பிறகு புட்டியில் கிடந்து, பறித்த ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். ஒரு பறிப்பு பாழானாலும் நிலவறையில் பழைய சரக்கு இருந்தது. உள்ளூர் வியாபாரம் படுத்தபோது ஹோஷார் வெளிநாட்டில் வாங்குவோரைத் தேடினார். 1979-ல் பிரிஸ்டல் கண்காட்சியில் அவருடைய ஒயின் பேர் வாங்கியது. காட்டக் கையில் சரக்கு இருந்ததால்தான் அது கைகூடியது.

மதுவைப் பற்றிப் பட்டமளிப்பு மேடையில் பேசலாமா என்று பெற்றோர் கேட்கலாம். குடி எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பதை அறிந்தே பேசுகிறேன். என் பேச்சு மதுவைப் பற்றியதல்ல, காத்திருக்க முடிவதைப் பற்றியது. இதே பெக்காவில், போர்க்காலத்தில் கஞ்சாவும் அபினியும் கொழித்தன. கஞ்சாவை விதைத்த ஆண்டிலேயே அறுத்துக் காசாக்கிவிடலாம். திராட்சைக்கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று ஆண்டுகளாவது வேண்டும். நாளை என்ன ஆகுமோ என்றிருக்கும் ஊரில் எந்தப் பயிர் பரவும் என்பது விவசாயியின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததல்ல. அவரால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதையும் பொறுத்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. தாங்கிக்கொள்கிறவர்களைப் புகழப் புகழ, தாங்க வைத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபின், இந்தப் புகழ்ச்சி போதும் என்று லெபனான் மக்களே கோபத்தோடு சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் துணிச்சலை விட்டு ஏற்பாட்டைப் பேசுகிறேன். துணிச்சலை யாரிடமும் கேட்டுப் பெற முடியாது. சேமிப்புக் கிடங்கு, கடன் தவணை, பயிர்க் காப்பீடு ஆகியவற்றை அரசிடமும் முதலாளியிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். அந்த ஏற்பாடு உழைக்கிறவர்களையும் தாங்க வேண்டும். முசாருக்குப் பழம் பறித்தவர்கள் பெடூயின் நாடோடிக் குடும்பங்கள். போர்முனையைக் கடந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். நாளை பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் திட்டம் தீட்டப்போகிறவர்கள் நீங்கள். அந்த லாரியை யார் ஓட்டுவார், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.