காட்ஸில்லாவுக்கு 12 அடி குறைச்சல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விடுதி நாட்களைப் பற்றிப் பேசு, அழ வைக்காதே" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே காட்ஸில்லாவைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் காலத்தில் ஆளுக்கு ரெண்டு ரூபாய் போட்டு டெக் வாடகைக்கு எடுப்போம். ஒருமுறை ரஜினி படக் கேசட் கிடைக்காமல், காட்ஸில்லா வந்து சேர்ந்தது. ரப்பர் உடைக்குள் ஒரு மனுஷன் நின்றுகொண்டு பொம்மை ஊரை மிதிக்கிறான். விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு ஆரம்பித்த ஆராய்ச்சிதான் படிப்பு முடியும்வரை ஓடியது.

1954-ல் வந்த முதல் படத்தில் அதன் உயரம் 50 மீட்டர். அதாவது 164 அடி. நம் முல்லைப் பெரியாறு அணை 176 அடி. "மாப்ள, அணைக்குக் கீழே நின்னா அதுக்குத் தண்ணி தெரியாதுடா, 12 அடி குறையுது" என்றான் கம்பத்து நண்பன். "வைகை அணைக்கு வரச் சொல்லு. 71 அடி நிறைஞ்சு கிடந்தாலும் இடுப்பு நனையாது" என்றான் ஆண்டிபட்டிக்காரன்.

1984-ல் அது 80 மீட்டர் ஆனது, 1991-ல் 100. டோக்கியோவில் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன, அதனால் இதையும் உயர்த்தினோம் என்பது படக்காரர்கள் கணக்கு. நம் மெஸ்ஸில் சாப்பிடாததால்தான் வளர்கிறது என்பது எங்கள் கணக்கு.

1962-ல் கிங் காங்கோடு சண்டை. ஜப்பான் பிரதியில் காட்ஸில்லா ஜெயிக்கும், அமெரிக்கப் பிரதியில் காங் ஜெயிக்கும் என்று வெளிநாட்டு ரசிகர்கள் பல வருஷம் சத்தியம் பண்ணினார்கள். உண்மையில் ரெண்டிலுமே கடைசியில் நீந்திப் போவது காங்தான். நம்ம ஊர் எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் எவ்வளவோ தேவலை!

முதல் படத்திலேயே செத்துப்போன காட்ஸில்லா 1955-ல் எப்படித் திரும்பி வந்தது? "அரியர்ஸ் எழுத வந்திருக்கும்" என்றோம். பதில் முதல் படத்தின் முடிவிலேயே இருக்கிறது. குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொன்று வரலாம் என்கிறார் ஒரு வயதான பேராசிரியர். அதே 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் கொட்டியது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் வந்தது.

இது எனக்கு உறைத்தது 2023-ல்தான். மே 27-ம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் ஓடியது. "காட்ஸில்லா கம்பத்துக்கு வந்தாச்சு" என்று நம் செட்டு வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டவன் நான்தான். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்று மோட்டார் சைக்கிளில் போய் யானையிடம் அடிபட்டவர் 30-ம் தேதி இறந்துபோனார். என் பதிவை அழித்தேன். என்ன அழித்து என்ன?

அந்த யானை தானாகவா கம்பம் வந்தது? சின்னக்கானலில் அதன் காட்டை நெருக்கி வீடு கட்டினோம், தோட்டம் போட்டோம். அது அரிசி தேடி வீடு புகுந்தது. ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து மேகமலை வழியாக நம்மிடம் வந்தது. ஜூன் 5-ம் தேதி மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவரும் பாவம், யானையும் பாவம்.

தம்பி தங்கைகளே, சிரிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் இன்றுவரை நண்பர்களாக இருக்கிறோம். ஆனால் ராட்சசனின் உயரத்தை அளந்து முடித்ததும், அதை எழுப்பிவிட்டது யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமலே பட்டம் வாங்கிவிட்டோம்.