கோட்டை மதிலில் ஒரு காலை
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற ஞாயிறு காலை, எங்கள் சங்கத்து மூத்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட, யாழ்ப்பாணக் கோட்டையைக் கால்நடையாகச் சுற்றி வந்தோம். இவ்வூரிலே பிறந்து வளர்ந்தும் எங்களிற் பலர் அதனுள் கால் வைத்தது அன்றுதான்.

அகழியைக் கடந்து வாசலினுள் நுழைந்ததும் ஆசிரியர் மதிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கடல் தந்த முருகைக்கல்! 1619இல் சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்த போர்த்துக்கேயர், நல்லூரை விட்டு இக்கரையைத் தம் ஆட்சித் தளமாக்கினர். 1621இல் அவர்களின் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அக்கோயிற் கற்களும் இங்கே வந்தன என்பது நம் முன்னோர் வழிவழி சொல்லிவரும் செய்தி. கேட்டதும் எங்கள் உள்ளம் கொதித்தது.

மதில்மேல் ஏறி நடந்தோம். 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நாற்கோணமாயிருந்ததை ஐங்கோணமாக்கி, மூலைக்கொரு கொத்தளம் அமைத்தனர். வெளியரண் வேலை 1792இலேதான் நிறைவுற்றது. மூன்றே ஆண்டில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண் இருந்தும் ஆட்சி நிலைக்கவில்லை.

பின் ஒல்லாந்தரின் தேவாலயம் நின்ற இடத்தை அடைந்தோம். 1706இல் சிலுவை வடிவில் எழுந்தது. உள்நாட்டுப் போரில் அழிந்து இன்று இடிபாடாய்க் கிடக்கிறது. எங்களுள் ஒருவர், "கோயிலை இடித்தவர்களுக்கு இது வேண்டும்" என்றார். சிலர் சிரித்தோம்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "தம்பி, இடித்தவன் போர்த்துக்கேயன், இதைக் கட்டியவன் ஒல்லாந்தன். உம்முடைய கணக்கே பிழை. கணக்குச் சரியென்றாலும், மனிதர் கும்பிட்ட இடம் விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கவா நல்லூரான் நமக்குச் சொல்லித் தந்தான்? 1734இல் இன்றைய நல்லூர்க் கோயிலை எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியார் எங்கே உத்தியோகம் பார்த்தார்? ஒல்லாந்தர் கச்சேரியிலே!"

நாங்கள் தலைகுனிந்தோம். மிஷன் பாடசாலையில் காலையிற் செபம் கேட்டு, மாலையிற் கோயிற் கேணியிற் கால் கழுவி வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு இடத்து அமைதியையும் அறிவோம். அறிந்திருந்தும் சிரித்தோம். சினத்துக்கு எங்களிடம் குறைவில்லை. சரித்திர அறிவுக்குத்தான் குறைவு.

போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியுடன் மதில்கள் புனரமைக்கப்பட்டன. அகழாய்வில், போர்த்துக்கேயர் வருகைக்கு முந்திய மட்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்துள்ளன. ஆகவே கோட்டையின் கதை பறங்கியரோடு தொடங்குவதன்று. அதன் அடியிலே நம் கதையும் கிடக்கிறது. அதை அயலார் வந்து சொல்லும்வரை நாம் காத்திருப்பது தகுமா?

பெரியோர்களே, நீங்கள் அறிந்தவற்றை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். இளைஞர்களே, அம்மதிலிற் பெயர் கீறும் கையை விடுத்து, தம்பி தங்கையரின் கைபிடித்து அங்கே அழைத்துச் செல்வோம். இடித்தவன் பெயரையும் சொல்வோம். மீண்டும் கட்டியவன் பெயரையும் சொல்வோம். விழுந்தது எவர் ஆலயமாயினும் அதன் முன் சற்றே மௌனமாய் நிற்போம். கந்தன் அடியார்க்கு அதுவே அழகு.